புதிய ஆய்வு நூலின் செய்தி உரியவரைச் சென்றடைய: நூலாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகப் பதிப்பகம் உங்கள் ஆய்வு நூலை ஏற்றுக்கொண்டுவிட்டது. வல்லுநர் மதிப்பாய்வு முடிந்தது, ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இதற்குப் பிறகு நூலைப் பரப்புவது பதிப்பகத்தின் பொறுப்பு, நம் வேலை மெய்ப்புத் திருத்துவதோடு சரி என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். வெளியீட்டு விழா நடந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் நூற்பட்டியல் அச்சாகியிருக்கும், விற்பனையாளர்களின் தரவுத்தளங்களில் நூல் விவரம் ஏறியிருக்கும், பல நூலகங்கள் வாங்குவதா வேண்டாமா என்று முடிவும் செய்திருக்கும்.

ஓர் ஆய்வு நூலைப் பற்றிய செய்தி, நூல் வருவதற்கு ஆறு மாதமாவது முன்பே உருவாகிவிடுகிறது. அதற்கான மூலப்பொருள் நீங்கள் நிரப்பித் தரும் ஒரு படிவம். கைப்படியைத் திருத்தக் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அந்தப் படிவத்துக்குக் காட்டினாலே நூலின் தலையெழுத்து மாறும்.

முதலில் காலக் கணக்கு

இறுதிக் கைப்படியை ஒப்படைத்த நாளிலிருந்து நூல் கையில் வர ஏறத்தாழ 9 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆங்கிலப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும், நூற்பட்டியல் வெளியிடும். உங்கள் நூல் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை ஒப்பந்தம் முடிந்ததுமே பதிப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பட்டியலுக்கான வாசகம், அட்டைப்படம், விலை எல்லாம் அந்தப் பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே முடிவாகும்.

இன்னொன்றையும் அப்போதே கேளுங்கள்: பதிப்புரிமைப் பக்கத்தில் எந்த ஆண்டு அச்சாகும்? நவம்பர், டிசம்பரில் வரும் நூல்களுக்கு அடுத்த ஆண்டைப் போடுவது பரவலான வழக்கம். பரிசுகளுக்கு அந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். பணி உயர்வுக்கு நூலைக் கணக்குக் காட்டவிருப்பவர்களுக்கும் இது முக்கியம்.

ஆசிரியர் வினாப்படிவம்

ஒப்பந்தத்தோடோ, கைப்படி ஒப்படைக்கும்போதோ இந்தப் படிவம் வரும். நூலின் சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, இலக்கு வாசகர்கள், ஒத்த நூல்கள், மதிப்புரை கேட்க வேண்டிய இதழ்கள், பாராட்டுரை தரக்கூடியவர்கள், கலந்துகொள்ளப்போகும் மாநாடுகள், பாடமாக வைக்கக்கூடிய துறைகள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். சந்தைப்படுத்தும் பிரிவில் இருப்பவர் உங்கள் நூலை முழுக்கப் படிக்கப்போவதில்லை. ஒரே பருவத்தில் பல நூல்களைக் கையாளும் அவருக்கு இந்தப் படிவம்தான் உங்கள் நூல். இங்கே எழுதும் வாக்கியங்கள் பின்னட்டைக்கும் பட்டியலுக்கும் இணையக் கடைகளுக்கும் ஏறக்குறைய அப்படியே போகும்.

இலக்கு வாசகர் என்ற இடத்தில் 'ஆய்வாளர்கள், மாணவர்கள், பொது வாசகர்கள்' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. 'காலனிய இந்தியாவின் பாசன வரலாற்றைப் படிப்பவர்கள். நீர்ச் சட்டம் கற்பிப்பவர்கள். தென்னிந்திய வேளாண் வரலாற்றை முதுகலைப் பாடமாக நடத்துபவர்கள்' என்று எழுதினால் பதிப்பகம் யாருக்கு அஞ்சல் அனுப்புவது என்று முடிவு செய்யலாம்.

தலைப்பு

முதன்மைத் தலைப்பில் உவமையும் துணைத்தலைப்பில் பொருளும் வைப்பது ஆய்வு நூல்களில் நெடுநாள் பழக்கம். இணையக் கடைகளிலும் நூலகத் தேடுதளங்களிலும் துணைத்தலைப்பு பல நேரம் பாதியில் வெட்டுப்பட்டோ காணாமலோ போகும். மிஞ்சுவது உவமை மட்டும். 'ஓடும் நினைவுகள்' என்ற தலைப்பை மட்டும் பார்க்கும் நூலகர் அதை நாவல் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

எளிய விதி ஒன்று உண்டு. முதன்மைத் தலைப்பை மட்டும் படித்தாலும் நூல் எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும். இடமும் காலமும் துணைத்தலைப்பிலாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

இயல்களின் தலைப்புக்கும் இதே கவனம் தேவை. ஜேஸ்டோர், புராஜெக்ட் மியூஸ் போன்ற ஆய்வு நூல் இணையதளங்களில் ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக நிற்கும். வெறும் 'முன்னுரை', 'பின்புலம்' என்ற பெயரோடு கிடக்கும் இயலைத் தேடி யாரும் வரமாட்டார்கள். பல பதிப்பகங்கள் இயலுக்கு ஒரு சிறு சுருக்கமும் சில திறவுச்சொற்களும் கேட்கும். மெய்ப்பு வரும் அவசரத்தில் அதை எழுதாமல், கைப்படியோடு சேர்த்தே தயார் செய்துவிடுங்கள்.

விவரக் குறிப்பு: 350 எழுத்துகளில் ஒரு நூல்

பதிப்பகங்கள் நூல் விவரத்தை விற்பனையாளர்களுக்கும் நூலக முகவர்களுக்கும் ஓனிக்ஸ் என்ற தரவு வடிவத்தில் அனுப்புகின்றன. அதில் சுருக்கக் குறிப்புக்கு 350 எழுத்துகள்தான் இடம். ஆங்கிலத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து சொற்கள். முழுக் குறிப்பு 150 முதல் 250 சொற்கள் இருக்கலாம். இரண்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வேறு யாராவது சுருக்கினால் முதல் இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவார்கள். அந்த முதல் இரண்டு வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் முந்தைய ஆய்வுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தாமிரபரணி அணைக்கட்டுகளின் வரலாறு பற்றி ஒரு நூல் வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். வழக்கமாக எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்:

'தென்னிந்திய நீர்ப்பாசனம் குறித்த ஆய்வுகளில் இதுவரை போதிய கவனம் பெறாத பல கூறுகளை இந்நூல் புதிய கோட்பாட்டுப் பார்வையில் அணுகுகிறது. பன்முக ஆதாரங்களைப் பயன்படுத்தி அதிகாரம், இயற்கை, சமூகம் ஆகியவற்றுக்கிடையிலான சிக்கலான உறவுகளை இது ஆராய்கிறது.'

இந்தக் குறிப்பில் தாமிரபரணி இல்லை, அணைக்கட்டு இல்லை, காலம் இல்லை. எந்தப் பாசன நூலின் பின்னட்டையிலும் ஒட்டிவிடலாம். இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

'தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஏழு ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியாக உள்ள திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் இடையிலான தண்ணீர் உரிமையை அந்த எட்டாவது அணை எப்படி மாற்றியது என்பதை வருவாய்த்துறை ஆவணங்கள் வழியே இந்நூல் காட்டுகிறது.'

இடம், காலம், ஆதாரம், கேள்வி நான்கும் வந்துவிட்டன. நூலகர், மதிப்புரை ஆசிரியர், பாடத்திட்டம் வகுப்பவர் மூவருக்கும் வேண்டியது இந்த நான்குதான். கோட்பாட்டுச் செய்தியை முழுக் குறிப்பின் கடைசிப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

திறவுச்சொற்களும் எழுத்துக்கூட்டலும்

தமிழ்ப் பொருள் பற்றி ஆங்கிலத்தில் வரும் நூல்கள் தேடுதலில் தொலைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

நம் கற்பனை நூலையே எடுங்கள். தாமிரபரணியை ரோமன் எழுத்தில் டி-க்குப் பின் எச் போட்டும் போடாமலும் எழுதுகிறார்கள். பழைய ஆவணங்களில் தாம்ரபர்ணி, பழந்தமிழ்ப் பாடல்களில் பொருநை. திருநெல்வேலி காலனிய ஆவணங்களில் 'டின்னவெல்லி'. போதாக்குறைக்கு, இலங்கைக்கும் தாம்ரபர்ணி என்பது பழம்பெயர். அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் உங்கள் நூல் பண்டைய இலங்கை வரலாற்று நூல்களுக்கு நடுவில் போய் நிற்கும். இலக்கிய ஆய்விலும் இதே தொல்லைதான். சிலப்பதிகாரத்தை ரோமன் எழுத்தில் சி-யில் தொடங்குபவர் உண்டு, எஸ்-இல் தொடங்குபவரும் உண்டு. ஒன்றைத் தட்டித் தேடுபவருக்கு மற்றது கிடைக்காமல் போகலாம்.

இதற்குச் செய்ய வேண்டியவை:

நூலுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி முறைப்படி, எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு எழுதுங்கள். அது ஆய்வுக்குத் தேவை. தலைப்பிலும் விவரக் குறிப்பிலும் மட்டும் அந்தக் குறிகளைத் தவிர்த்து, பரவலாக வழங்கும் எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். குறியிட்ட எழுத்துகள் சில விற்பனைத் தளங்களில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ மாறிவிடும். சில தேடுபொறிகள் குறியுள்ள எழுத்தையும் குறியில்லாத எழுத்தையும் ஒன்றாகக் கொள்வதில்லை.

வாசகர் கண்ணில் படாத திறவுச்சொல் புலம் ஒன்று தரவில் உண்டு. மாற்று எழுத்துக்கூட்டல்கள், பழைய ஊர்ப் பெயர்கள், மாவட்டப் பெயர், அரசமரபுப் பெயர் எல்லாவற்றையும் அங்கே போடச் சொல்லுங்கள். தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொற்களைத் திரும்ப இட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். பதினைந்து இருபது சொற்கள் கொண்ட பட்டியலை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். பதிப்பக ஊழியருக்குப் பொருநையும் தாமிரபரணியும் ஒன்று என்று தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் பெயர்

படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் இருப்பதுபோல் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால், நூலகப் பட்டியலிலும் மேற்கோள்களிலும் நீங்கள் தந்தை பெயரால் அறியப்படுவீர்கள். முன்பு முதலெழுத்தோடு எழுதிய கட்டுரைகள் வேறொருவருடையவைபோல் தனியே கிடக்கும்.

ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல்களைப் 'பாண்டியன்' என்ற பெயரின் கீழ் தேடி எடுக்க முடிகிறதல்லவா? அதுதான் சரியான அமைப்பு. சொந்தப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில், முதலெழுத்துகள் முதற்பெயர்க் கட்டத்தில். முதல் நூலுக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, அட்டை, தலைப்புப் பக்கம், படிவம், கட்டுரைகள் எல்லாவற்றிலும் அதையே வைத்திருங்கள். ஆர்க்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் இலவசம். அதை எடுத்துப் படிவத்தில் சேர்த்தால் பழைய கட்டுரைகளும் புதிய நூலும் ஒரே ஆளின் கணக்கில் சேரும்.

எண்களும் பொருட்குறியீடுகளும்

கெட்டி அட்டை, மெல்லட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் வேண்டும். 2007 முதல் இது 13 இலக்கம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. இலங்கையில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. சிறு பதிப்பகங்கள் சில நேரம் ஒரே எண்ணைக் கெட்டி அட்டைக்கும் மெல்லட்டைக்கும் போட்டுவிடுகின்றன. திருத்திய இரண்டாம் பதிப்புக்குப் பழைய எண்ணையே வைத்துவிடுகின்றன. விற்பனையாளரின் கணினியில் ஒரு விவரம் இன்னொன்றை அழித்துவிடும். நூலகம் ஒன்றைக் கேட்டால் வேறொன்று போய்ச் சேரும்.

நூல் எதைப் பற்றியது என்று விற்பனையாளருக்கும் நூலகத்துக்கும் காட்டும் பொருட்குறியீட்டில் இரண்டு முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். வட அமெரிக்காவில் பைசாக், உலக அளவில் தீமா. பதிப்பகம் எந்தக் குறியீடு இட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தீமாவில் பொருளோடு இடத்துக்கும் காலத்துக்கும் தனிக் குறியீடு சேர்க்கலாம். 'ஆசிய வரலாறு' என்று மட்டும் இருந்தால், இந்தியா என்ற இடக்குறியீட்டையும் 19ஆம் நூற்றாண்டு என்ற காலக்குறியீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்.

விற்பனை எல்லை: ஒரு நூல், இரு பதிப்பகங்கள்

அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்களின் கெட்டி அட்டை விலை இந்தியாவில் தனியாள் வாங்கக்கூடியது அல்ல. கல்லூரி நூலகங்களே தயங்கும். ஆகவே தெற்காசியாவுக்கான உரிமையை இந்தியப் பதிப்பகம் ஒன்று தனியே பெற்று மலிவாக வெளியிடுவதுண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்க வேண்டும். உலக உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்த பிறகு கேட்டால், முடிவு அந்தப் பதிப்பகத்தின் விருப்பம். தமிழ் மொழிபெயர்ப்பு உரிமைக்கும் இதே கதிதான். அந்த உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ள முயலுங்கள். முடியாவிட்டால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பயன்படுத்தாவிட்டால் திரும்பத் தர வேண்டும் என்ற ஒரு வரியையாவது ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள்.

இரு பதிப்புகள் வந்தால் அட்டை மாறும், எண் மாறும், சில நேரம் தலைப்பும் மாறும். இரு பதிப்பகங்களின் விவரக் குறிப்பிலும் இது அதே நூல்தான் என்று தெரியும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நூல் என்று எண்ணி வாங்கி ஏமாறும் வாசகர் உங்கள்மேல்தான் வருத்தப்படுவார்.

பாராட்டுரைகள்

பின்னட்டைக்கு இரண்டு முதல் நான்கு பாராட்டுரைகள் போதும். கைப்படியை மதிப்பாய்வு செய்தவர்களிடம் அவர்கள் அறிக்கையிலிருந்தே ஒரு வாக்கியத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்பது பதிப்பகங்களின் வழக்கம். வேறு பெயர்களை நீங்கள் தரும்போது, உங்கள் துறைக்குள் ஒருவர், பக்கத்துத் துறையில் ஒருவர், வேறொரு வட்டாரத்தைப் படிப்பவர் ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். தாமிரபரணி நூலைப் பஞ்சாப் கால்வாய்களைப் படிக்கும் ஒருவர் பாராட்டினால், தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள வாசகர் கையில் எடுப்பார். ஆய்வு வழிகாட்டியிடம் கேட்க வேண்டாம். அந்த உறவு படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

மதிப்புரை இதழ்கள்

முக்கியமான இதழ்களின் பட்டியலை முன்னுரிமை வரிசையில் தாருங்கள். தெற்காசிய ஆய்வு என்றால் 'இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ', 'ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்', 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி', டெல்லியிலிருந்து வரும் 'தி புக் ரிவ்யூ', இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் எச்-நெட் மதிப்புரைகள் ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். அமெரிக்கக் கல்லூரி நூலகர்கள் பார்த்து வாங்கும் 'சாய்ஸ்' இதழையும் மறக்க வேண்டாம். தமிழில் மதிப்புரை வெளியிடும் சிற்றிதழ்களின் முகவரியையும் சேருங்கள். வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு அவற்றைத் தெரிய வழியில்லை.

அனுப்பிய ஒவ்வொரு படிக்கும் மதிப்புரை வராது. இதழ் நூலைப் பெற்று, மதிப்புரையாளரைத் தேடி, அவர் எழுதி, அச்சேற ஓரிரு ஆண்டுகூட ஆகும். ஆகவே படிகள் நூல் வந்த மாதமே போக வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்தெந்த இதழுக்குப் போயிற்று என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். படி போய்ச் சேராத இதழுக்கு மறுபடி அனுப்பச் சொல்லலாம். மதிப்புரையாளரை நீங்களே ஏற்பாடு செய்வது மட்டும் கூடாது. இதழ்கள் அதை விரும்புவதில்லை, நூலின் மதிப்பையும் அது குறைக்கும்.

நூலகங்கள்

ஆய்வு நூல் சில நூறு படிகள்தான் விற்கும். அதில் பெரும்பங்கு நூலகங்களுக்கே போகிறது. பெரிய நூலகங்கள் பலவும் ஒவ்வொரு நூலாகப் பார்த்து வாங்குவதில்லை. பொருள், பதிப்பகம், விலை ஆகியவற்றை வரையறுத்து முகவரிடம் கொடுத்துவிடுகின்றன. அந்த வரையறைக்குள் உங்கள் நூல் விழுமா என்பதைப் பொருட்குறியீடும் விவரக் குறிப்பும் முடிவு செய்கின்றன. அந்த வேலைகள் ஏன் முன்னதாகவே முடிய வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

இந்தியாவில் அச்சாகும் நூல்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் 1962 முதல் இயங்குகிறது. இந்தியா கோதுமைக்காக ரூபாயில் செலுத்திய தொகையைக் கொண்டு, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் நூல் வாங்கத் தொடங்கிய அலுவலகம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள பெரிய தமிழ் நூல் தொகுப்புகள் பல இப்படி வளர்ந்தவைதான். தமிழில் ஆய்வு நூல் வெளியிடுபவர்கள் தங்கள் பட்டியல் அங்கே நூல் வழங்கும் முகவர்களுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டக் கடமையும் ஒன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் செலவில் போய்ச் சேர வேண்டும். சிறு பதிப்பகங்கள் இதைத் தவறவிடுகின்றன. ஐம்பது ஆண்டு கழித்து அந்த நூலைத் தேடி வருபவருக்கு அதனால் ஏற்படும் இழப்பு பெரிது. பதிப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திறந்த அணுகல்

நூலை எவரும் இலவசமாக இறக்கிப் படிக்கும்படி வெளியிட இப்போது பல வழிகள் உள்ளன. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் லூமினோஸ் என்ற திறந்த அணுகல் திட்டம் 2015இல் தொடங்கியது. அதே ஆண்டில் லண்டன் யூசிஎல் பதிப்பகமும் முழுத் திறந்த அணுகலோடு வந்தது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் வாசகருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அச்சுப் படியை வாங்க முடியாதவர்கள்தான் இந்த நூல்களின் இயல்பான வாசகர்கள்.

கவனிக்க வேண்டியவை: கட்டணம் யார் தருவது, நிறுவன உதவி உண்டா, எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமத்தைப் பொறுத்து மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். பிறர் ஒளிப்படங்களுக்கு அச்சுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தால் அது திறந்த அணுகலுக்குப் பொருந்தாது. மறுபடி கேட்க வேண்டும். நூல் வெளியானதும் திறந்த அணுகல் நூல்களின் சர்வதேசக் கோவையில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத இலவச நூல் பல நூலகத் தேடுதளங்களில் தெரியாது.

வெளிவந்த பிறகு

முதல் வாரத்தில் ஐந்தாறு இணையக் கடைகளிலும் நூலகத் தேடுதளங்களிலும் உங்கள் நூலைத் தேடிப் பாருங்கள். பெயர், தலைப்பு, அட்டைப்படம், பக்க எண்ணிக்கை சரியா? தவறு இருந்தால் கடைக்கு எழுதாமல் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். கடையில் திருத்தினாலும் பதிப்பகத் தரவு அடுத்த முறை வரும்போது பழைய தவறு திரும்ப வந்துவிடும்.

பரிசுகளுக்குப் பெரும்பாலும் பதிப்பகம்தான் நூலை அனுப்ப வேண்டும். தெற்காசிய ஆய்வில் முதல் நூலுக்கான பெர்னார்ட் கோன் பரிசு, ஆனந்த குமாரசுவாமி பரிசு, நவீன இந்தியா பற்றிய நூல்களுக்கான கமலாதேவி சட்டோபாத்யாய் பரிசு ஆகியவற்றின் கடைசித் தேதிகளை நீங்களே பார்த்துப் பதிப்பகத்துக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டுங்கள். பல நூல்கள் தகுதியிருந்தும் போட்டிக்கே போகாமல் நின்றுவிடுவது இந்த ஒரு மின்னஞ்சல் இல்லாததால்தான்.

அச்சுப் பிழைகளுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்திருங்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம். கெட்டி அட்டை வந்து ஓரிரு ஆண்டில் மெல்லட்டை வந்தால், அது நூலுக்குக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு. பக்க எண் மாறாத திருத்தங்களைப் பதிப்பகம் பெரும்பாலும் ஏற்கும். அதற்குள் வந்த மதிப்புரைகளிலிருந்து நல்ல வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தால் பின்னட்டையில் பாராட்டுரைகளுக்குப் பதில் அவை வரும். விவரக் குறிப்பையும் திறவுச்சொற்களையும் அப்போது மறுபடி எழுதிக் கொடுங்கள். நூலை யார் மேற்கோள் காட்டுகிறார்கள், எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். பாடமாக வைத்தவர்கள் இரண்டு பேர் இருந்தாலும் அந்தத் துறைகளின் பெயரைப் பதிப்பகத்துக்குச் சொல்லுங்கள். மெல்லட்டை விலையை முடிவு செய்யும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.